பிடி அரிசியோடு நின்ற மேரிறோஸ்

“பானை பொம்புள. மூடி ஆம்புள,” என்று சொல்லிக்கொண்டே மேரிறோஸ் மேசையில் பானைகளை அடுக்கினார்.

லண்டன் குட்மேய்ஸில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்டபத்தின் சமையலறை அது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. சங்கத்தில் புதிதாகச் சேர வந்த நாங்கள் சிலர் மேசையைச் சுற்றி நின்றோம். ஏதாவது எழுத வேண்டியிருக்கும் என்று நான் பேனையோடு போயிருந்தேன். மேரிறோஸ் என் கையில் கத்தியையும் வெங்காயத்தையும் தந்து, வெட்டிக்கொண்டே கேட்கச் சொன்னார்.

“பெரிய பானைக்குள்ள அடுத்த பானை. அதுக்குள்ள அதுக்கடுத்தது. தாய், மகள், மகள்ற மகள். இப்பிடியே போகும். இப்ப இந்த மூடியப் பாருங்க. நல்ல சாமான். எல்லா வீட்டுக்கும் தேவையான சாமான். ஆனா மூடிக்குள்ள ஒரு பானைய வைக்க ஏலுமா? ஏலாது. அதால ‘என்ட அப்பாவும் இந்தக் குடிதான், நானும் சேரட்டா’ எண்டு ஒருத்தரும் எனக்குப் போன் எடுக்கக் கூடாது.”

வெளியே கதிரை அடுக்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர் தவராசா யன்னலால் எட்டிப் பார்த்தார். “மூடி இல்லாட்டிச் சோறு அவியாதெண்டும் சொல்லும்.”

“அவியும். கொஞ்சம் நேரமெடுக்கும், அவ்வளவுதான்.”

“பிள்ளையள், உவ சொல்லுறதுகளை எல்லாம் நம்பாதேங்கோ,” என்று சொல்லிவிட்டு அவர் கதிரைகளுக்குத் திரும்பினார். அவர் யாழ்ப்பாணத்தவர். சங்கத்தில் அவருக்கு வாக்கு இல்லை, பேச்சு இல்லை, கதிரை அடுக்கும் உரிமை மட்டும் உண்டு என்று அவரே எல்லோரிடமும் சொல்வார்.

மட்டக்களப்புப் பக்கத்தில் குடி என்பது தாய்வழி. அப்பாவின் பெயர் எங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும். அம்மாவின் குடிதான் எங்களுக்கு வரும். ஒரே குடியில் பிறந்தவர்கள் சகோதரங்கள், அவர்களுக்குள் கல்யாணம் இல்லை. எங்கள் வழி சிந்தாத்தை என்ற ஒருத்தியின் வயிற்றிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். லண்டனில் ஆளுக்கொரு மூலையில் கிடந்த அந்த வழிப் பெண்களைத் தேடிப் பிடித்துச் சங்கம் ஆக்கியவர் ராஜலட்சுமி. குட்மேய்ஸில் மரக்கறிக் கடை வைத்திருந்தார். முருங்கைக்காய் வாங்க வரும் பெண்களிடம் “தாய்ட ஊர் எது?” என்று கேட்டுக் கேட்டே அவர் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். தலைவி அவர்தான். புதிதாக வருகிறவர்களுக்கு வழக்கம் சொல்லிக்கொடுப்பது மேரிறோஸின் வேலை.

எங்களில் ஒருத்தி மேரிறோஸை “அன்ரி” என்றாள். மேரிறோஸ் கத்தியைக் கீழே வைத்தார்.

“இங்க அன்ரியும் இல்ல, மாமியும் இல்ல. மாமி எண்டா வேற குடி. நாம எல்லாரும் ஒரு வயித்து வழி. மூத்தவங்க பெரியம்மா, இளையவங்க சின்னம்மா, உங்கட வயசு எண்டா அக்கா தங்கச்சி. கணவர்மார் எல்லாரும் வந்த குடி. அவங்களுக்கு முதல் மரியாதையாச் சாப்பாடு குடுப்பம். மைக் குடுக்க மாட்டம்.”

பிறகு பிடி அரிசியைப் பற்றிச் சொன்னார். வைகாசியில் கண்ணகி அம்மனுக்கு, அவளுடைய கோபம் தணிக்கும் குளிர்த்திப் பொங்கல். ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து பச்சையரிசி கொண்டுவர வேண்டும். ஒரு தாயின் வழியில் வந்தவர்கள் ஒரு வயிறு. தலைவி ஒவ்வொரு வயிற்றையும் அதன் மூத்த தாயின் பெயரால் கூப்பிடுவார். செத்துப்போன தாயின் பெயராகவே அது இருக்கும். கூப்பிட்டதும் அவளுடைய பெண்களும் பெண்களின் பெண்களும் போய் ஆளுக்கு ஒரு பிடி அரிசியை உலையில் போடுவார்கள். அந்த வயிற்றுப் பெண்கள் போட்டு முடியும்வரை அடுத்த பெயர் வராது. கூப்பிட்ட எல்லோரும் போட்ட பிறகுதான் பானை பொங்கலாம். பாதியில் பொங்கினால் அந்த வருஷம் எந்த வயிற்றுக்கும் நல்லதில்லை.

“ஒரு வருஷம் ஒரு பேரைக் கூப்பிடாட்டி?” என்று நான் கேட்டேன்.

“மறுகா அந்தப் பேர் இல்ல. போட ஆளில்லாமப் போன வயிறு எண்டு விட்டிருவாங்க.”

“அப்ப என்ட அம்மாட பேரைக் கூப்பிடுவாங்களா?” என்று வாசலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

குளிர்ச் சட்டையைக் கழற்றாமல் ஒரு பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால் அவளைவிட உயரமாக ஒரு பெண்பிள்ளை. கறுத்த, அழகான பிள்ளை. தலைமயிரைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னிக் கட்டியிருந்தாள். நான் உட்பட எல்லோரும் அந்தத் தலைமயிரைத்தான் பார்த்தோம்.

வந்தவள் ஜெயகௌரி. முதியோர் இல்லமொன்றில் வேலை. அங்கே கூட வேலை செய்த பெனடிக்ற் என்ற கானா நாட்டுக்காரரை மணந்ததற்காக அவளுடைய தகப்பன் அவளை வீட்டுக் கணக்கிலிருந்து தள்ளியிருந்தார். தாய் மட்டும், கடைத்தெருவுக்குப் போகும் சாட்டில் மாதம் ஒருமுறை போன் எடுப்பாள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று அந்தத் தாயும், ஜெயகௌரியின் அக்காவும், அக்காவின் பெண்பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருந்தார்கள். இதையெல்லாம் ஜெயகௌரி நின்றபடியே, அழாமல், வேலைக்கு மனுப்போட வந்தவளைப்போல ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“தாய்ட பேர்?” என்றார் மேரிறோஸ்.

“தங்கலெட்சுமி.”

“தாய்ட தாய்?”

“வள்ளியம்மை. அவட தாய் சின்னப்பிள்ளை.”

மேரிறோஸ் பிள்ளையின் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு. உன்ட தாய்?”

“ஜெயகௌரி,” என்றாள் பிள்ளை. பிறகு தாயைப் பார்த்து, இதற்கு மேல் சொல்ல வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“தாய்ட தாய்?”

“தங்கலெட்சுமி. வள்ளியம்மை. சின்… சின்னப்பிள்ளை.”

“உன்ட பேர்?”

“சாருஜா, அன்ரி.”

“பெரியம்மா.”

“சாருஜா, பெரியம்மா.”

“அங்கால நிண்டு இந்தக் கரட்டச் சீவு,” என்று மேரிறோஸ் கத்தியை நீட்டினார்.

சங்கத்துக்கு மேரிறோஸ் எப்படி வந்தார் என்பதைச் சொல்லாவிட்டால் அதன் பிறகு நடந்தது விளங்காது. மட்டக்களப்பு வாவிக்கரை ஊரொன்றில் பிறந்தவர். தகப்பன் கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற கத்தோலிக்கர். தாய் கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தவள். எடுத்தும், வைகாசி வந்தால் சேலைத் தலைப்பில் அரிசியை முடிந்துகொண்டு அம்மன் கோயில் வாசலுக்குப் போய்விடுவாள். மேரிறோஸ் எண்பதுகளில் லண்டன் வந்து ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் நின்றார், பிறகு மனோர் பார்க்கில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. சங்கத்தின் முதல் கூட்டத்தில் யாரோ எழும்பி, சிலுவை போட்டவள் அம்மன் பொங்கலில் எப்படி அரிசி போடுவாள் என்று கேட்டாளாம்.

“குடி கழுத்தில இல்ல கா. வயித்தில,” என்றாராம் மேரிறோஸ்.

முதலில் கைதட்டியவர் ராஜலட்சுமி. அன்றைக்கே இந்த வேலையை அவர் கையில் கொடுத்ததும் ராஜலட்சுமிதான். மேரிறோஸின் பங்குச் சாமியாரும் ஒருமுறை கூப்பிட்டு விசாரித்தாராம். பாவம் என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுறன் சுவாமி, போறத மட்டும் நிப்பாட்ட மாட்டன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் சொல்லுகிறாராம்.

ஜெயகௌரி வந்துபோன அடுத்த கிழமை, முருங்கைக்காய்க் கட்டொன்றோடு ராஜலட்சுமி மனோர் பார்க்கில் மேரிறோஸின் வீட்டுக்குப் போனார். அன்று நடந்ததை எனக்குச் சொன்னவர் தவராசா. குசினியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“அந்தப் புள்ளையப் பாத்தியா?” என்று தொடங்கினாராம் ராஜலட்சுமி.

“பாத்தன். நல்ல புள்ள. கரட்டத்தான் கொஞ்சம் தடிப்பாச் சீவிப்போட்டாள்.”

“விளையாடாத கா. சனம் கதைக்கும். போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்புவாங்க. அங்க இரிந்து எனக்குத்தான் போன் வரும்.”

“வந்தா எடுத்து ஹலோ எண்டு சொல்லுங்க.”

“நான் அடிச்சுத் துரத்தச் சொல்லல்ல. இந்த வருஷம் விருந்தாளியா வரட்டும். சாப்பிட்டுப் போகட்டும்.”

“விருந்தாளி அவள்ற தகப்பன். அவன் வந்த குடி. அவனுக்குச் சாப்பாடு முதல்ல. அவள் எப்பிடி அக்கா விருந்தாளி? தன்ட வீட்டுக்கு ஒருத்தி விருந்தாளியா வருவாளா?”

ராஜலட்சுமி கதிரையை மேரிறோஸின் பக்கம் இழுத்துப் போட்டாராம். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு வந்த விஷயத்தைச் சொன்னார். அவருக்கு மூன்று பிள்ளைகளும் ஆண்கள். அக்கா தங்கை இல்லை. ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் மூத்த மகனின் மகள் கோசிகா மட்டும்தான் அவரோடு கோயில் குளம் என்று வந்து போகிறவள்.

“நான் கண்ண மூடினா என்ட அம்மாட பேரை ஆர் கூப்பிடுவாங்க? போட ஆளில்ல எண்டு விட்டிருவீங்க. நான் தொடங்கின சங்கம் கா. இந்த முறை எனக்குப் பின்னால கோசிகாவும் ஒரு பிடி போடட்டும். அவள் என்ட ரத்தம்தானே. நீ கண்டும் காணாம இரு. மற்றப் புள்ளைட விசயத்தில நானும் கண்டும் காணாம இரிக்கிறன்.”

“கோசிகாட தாய் யாழ்ப்பாணத்துப் புள்ள.”

“தெரியாமலா கேக்கிறன்?”

குசினிக்குள்ளிருந்து தவராசா, “எங்கட பக்கம் தாய்வழியும் இல்லை, தேப்பன்வழியும் இல்லை அக்கா. சீதனவழி மட்டும்தான்,” என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் சிரிக்கவில்லையாம். தேத்தண்ணியை வைத்துவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டார்.

மேரிறோஸ் யோசித்துத்தான் பதில் சொன்னாராம். “கோசிகா எனக்கும் பேத்தி மாதிரித்தான். மகன்மார்ட புள்ளைகளும் போடலாம் எண்டு கூட்டத்தில கேளுங்க. எல்லாருக்கும் தெரியக் கேளுங்க. நானும் கை தூக்குவன். ஆனா அதுக்குச் சாருஜாவ மாத்துச் சாமானா வைக்காதீங்க. அவள் உங்கட தயவில நிக்கிறவள் இல்ல.”

“அப்ப நீ ஓம் எண்டு சொல்ல மாட்டாய்?”

“இல்லக்கா.”

“அப்ப நான் அந்தப் பேரைக் கூப்பிட மாட்டன்,” என்று சொல்லிவிட்டு ராஜலட்சுமி எழும்பினார். தேத்தண்ணி ஆறிக்கிடந்தது. முருங்கைக்காயை வைத்துவிட்டுத்தான் போனார். அன்றிரவு அதைச் சமைத்ததாகவும், நல்ல சதைப்பற்றான காய் என்றும் தவராசா சொன்னார்.

எங்களுடைய இரண்டாவது சனிக்கிழமை வகுப்புக்குள் இந்தச் செய்தி மண்டபத்துக்கு வந்துவிட்டது. கடையில் யாருக்கோ ராஜலட்சுமி சொல்ல, அது ஜெயகௌரியின் காதுக்குப் போயிருக்கிறது. நாங்கள் அப்போது வாழை இலை துடைத்துக்கொண்டிருந்தோம். ஜெயகௌரி உள்ளே வந்து நேராக மேரிறோஸின் முன்னால் நின்றாள்.

“நீங்க ஓம் எண்டு சொல்லியிரிக்கலாமே.”

“சொல்லியிரிக்கலாம்.”

“ஒரு புள்ள ஒரு பிடி அரிசி போடுறதில உங்களுக்கு என்ன குறையப்போகுது? எனக்கு வேணுமெண்டது என்ட அம்மாட பேர் ஒருக்காக் காதில விழுறது. உங்கட நியாயம் எனக்கு என்னத்துக்கு?”

மேரிறோஸ் இலையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. “நான் ஓம் எண்டா அந்தப் பேர் இந்த வருஷம் வரும். வருஷா வருஷம் உன்ட மகள் எங்கட தலைவிட முகத்தப் பாத்துக்கொண்டு நிப்பாள். இவளுக்கு நாங்க இடம் குடுத்தம் எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. குடுத்தவங்க நினைச்சா எடுப்பாங்க. நீ அதுக்கா வந்தாய்?”

“நான் அம்மாவுக்காக வந்தன்.”

“அப்ப அம்மாட பேர் வரும்.”

“வராட்டி?”

“வராட்டி என்ட அம்மாட பேரும் வராது.”

அது என்ன கதை என்று ஜெயகௌரி கேட்டாள். மேரிறோஸ் அடுத்த இலையை எடுத்து விரித்தார். சாருஜாவைக் கூப்பிட்டு, இலையின் நரம்பைப் பார்த்துத் துடைக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் கிழியும் என்று காட்டினார். ஜெயகௌரி போகப் புறப்பட்டாள். சாருஜா இலைக்கட்டை விட்டு நகரவில்லை. கடைசியில் தாயும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள்.

பொங்கலன்று வெயில் நன்றாக எறித்தது. மண்டபத்துக்குள் பெரிய அடுப்பு மூட்ட அனுமதி இல்லை. பின்பக்கத்தில் கார் நிற்பாட்டும் இடத்தில்தான் காஸ் அடுப்பை வைத்தோம். மேசையொன்றில் அம்மன் படம், வேப்பிலை, குத்துவிளக்கு. பெண்கள் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். வந்த குடியான கணவர்மார் எல்லோரும் மதில் ஓரமாக வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குள் சந்தன நிற நீளச் சட்டையோடு பெனடிக்றும் நின்றார். அடுப்புக்குப் பொறுப்பு தவராசா.

தவராசா ஆங்கிலத்தில் பெனடிக்றுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினார். இங்கே எங்களுக்கு மதிப்பில்லை, பிள்ளையும் அவர்களுடையது, பேரும் அவர்களுடையது, குறை நினைக்க வேண்டாம் என்றார். பெனடிக்ற் சிரித்தார். தன்னுடைய ஊரிலும் அப்படித்தான் என்றார். பிள்ளை தாயின் வீட்டைச் சேர்ந்தது. அவருடைய தாய்மாமன் சாகும்வரை அவருடைய தகப்பனை ‘எங்கள் வீட்டு விருந்தாளி’ என்றுதான் சொல்வாராம்.

“அப்ப நீர் பழகின ஆள்,” என்று தவராசா தமிழிலேயே சொல்லி அவருடைய தோளில் தட்டினார். “எனக்குத்தான் இன்னும் பழகேல்லை.”

உலை சூடானதும் ராஜலட்சுமி அடுப்பின் அருகில் வந்தார். பச்சைக்கரைச் சேலை. கையில் ஒன்றுமில்லை, எல்லாப் பெயரும் அவருக்கு மனப்பாடம். வாவியின் தெற்குக் கரையிலிருந்து தொடங்கி, ஊர் ஊராக வடக்கே வருவது முறை. கூப்பிடுகிறவர் தன் தாயின் பெயரைக் கடைசியில் சொல்வார். கணீரென்ற குரல் அவருக்கு. ஒவ்வொரு பெயருக்கும் பெண்கள் போய் அரிசியைப் போட்டுவிட்டு விலகினார்கள். தங்கலெட்சுமியின் ஊர் வந்தது. அந்த ஊரில் முதல் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாவதைக் கூப்பிட்டார். பிறகு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

“செல்லாத்தை வயிறு.”

அது மேரிறோஸின் தாய்வழி. மேரிறோஸ் முன்னால் போனார். அரிசி வைத்திருந்த கையைப் பானைக்கு மேலே நீட்டினார். விரிக்கவில்லை. அடுத்த பெயர் என்னுடையது என்பதால் நான் அவருக்குப் பின்னால், அரிசிப் பையோடு நின்றேன்.

“போடு கா,” என்றார் ராஜலட்சுமி.

“ஒரு பேர் விடுபட்டுப் போச்சக்கா.”

“ஒண்டும் விடுபடல்ல.”

“தங்கலெட்சுமி வயிறு. அதக் கூப்பிடுங்க. மறுகா நான் போடுறன்.”

யாரோ ஒரு பெண் சிரித்தாள். ஏதோ வேடிக்கை என்று நினைத்திருக்க வேண்டும். மேரிறோஸ் அப்படியே நின்றார். பானையிலிருந்து ஆவி அவருடைய கையில் பட்டது. அவர் கையை இழுக்கவில்லை. அவர் போடாமல் எனக்கு முறை வராது, எனக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் வராது. அவர் போடாமல் பானை பொங்கவும் கூடாது. அதை அவர்தான் எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். ராஜலட்சுமிக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

“என்ன பெரியக்கா இது, உலை எழும்புது,” என்றாள் ஒருத்தி.

“காஸைக் குறைங்க,” என்றார் ராஜலட்சுமி, மதில் பக்கம் பார்த்து.

தவராசா வந்து குனிந்தார். திருகுகுமிழைப் பிடித்தார். பெண்சாதியின் முகத்தை ஒருமுறை பார்த்தார். “இறுகிப் போச்சுது அக்கா. அசையுதில்லை.”

“காலையில நல்லாத்தானே திருப்பினீங்க?”

“அது காலமை.” அவர் பெனடிக்றைக் கூப்பிட்டார். பெனடிக்ற் வந்து குனிந்து, இரண்டு விரலால் குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிகவும் இறுக்கம்தான் என்று தலையை ஆட்டினார். இரண்டு பேரும் மதிலுக்குத் திரும்பினார்கள்.

ராஜலட்சுமி மேரிறோஸின் பக்கம் நெருங்கிவந்து மெதுவாகப் பேசினார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

“எல்லாருக்கும் முன்னால என்ன அவமானப்படுத்திறாய்.”

மேரிறோஸ் மெதுவாகப் பேசவில்லை. “அக்கா, எனக்கும் ஒரே மகன். றமணன். அவன்ட புள்ளைகள் அவன்ட பொஞ்சாதிட குடி. நான் போனா என்ட அம்மாட பேரும் முடியும். முடியட்டும். நெஞ்சு எரியுது, இல்ல எண்டு சொல்லல்ல. அதுக்காக உசிரோட நிக்கிற ஒரு வயித்தச் செத்துப்போச்செண்டு சொல்ல ஏலுமா? கடல் அவ்வளவையும் கொண்டுபோச்சு. மிச்சத்த நாமளா கொண்டுபோறது?”

பானையின் விளிம்பு வரை நுரை ஏறியிருந்தது. ஒரு முதியவள் ராஜலட்சுமியிடம், “கூப்பிட்டிரு ராசம், என்ட பேத்தி மாசமா இரிக்காள்,” என்றாள். இன்னொருத்தி, “எனக்கு நாளைக்கு ஒப்பரேசன் கா,” என்றாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். அவர்களில் எத்தனை பேர் சாருஜாவை ஏற்றுக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பானை பாதியில் பொங்கிவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

ராஜலட்சுமி யாரையும் பார்க்கவில்லை. பானையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவளுக்குச் சொல்வதுபோல், “தங்கலெட்சுமி வயிறு,” என்றார்.

ஜெயகௌரி அசையவில்லை. பின்னால் நின்றபடியே சொன்னாள்.

“கேக்கல்ல பெரியக்கா. இன்னொருக்காக் கூப்பிடுங்க.”

நான் மேரிறோஸைப் பார்த்தேன். அவரும் இதை எதிர்பார்த்திருக்கவில்லை. வாயோரம் லேசாக இழுபட்டது.

ராஜலட்சுமி தலையை நிமிர்த்தினார். கோபமா, வேறேதுமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்றப் பெயர்களைக் கூப்பிட்ட அதே குரலில், மதிலுக்கு அப்பால் நடைபாதையில் போனவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார்.

“தங்கலெட்சுமி வயிறு.”

ஜெயகௌரி போட்டாள். சாருஜாவுக்கு நீளமான கைகள். ஒரு பிடி என்று அள்ளினது இரண்டு பிடிக்கு இருந்தது. அதைப் பானைக்குள் போட்டுவிட்டு, கையில் ஒட்டியிருந்த அரிசியையும் தட்டிப் போட்டாள். அதன் பிறகு மேரிறோஸ் கையை விரித்தார். உள்ளங்கையும் மணிக்கட்டும் ஆவியில் சிவந்திருந்தன. நான் போட்டேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் தள்ளுப்பட்டுக்கொண்டு போட்டார்கள். கடைசியாக ராஜலட்சுமி தன் தாயின் பெயரைத் தானே கூப்பிட்டு, தானே போட்டார். மதில் ஓரத்தில் தகப்பனோடு நின்ற கோசிகா எட்டிப் பார்த்தாள். ராஜலட்சுமி அவளைக் கூப்பிடவில்லை. அந்த ஒரு பிடியைப் போட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் அந்த இடத்திலேயே நின்றார். குமிழ் அதற்குள் சரியாகிவிட்டதாகத் தவராசா சொன்னார். பானை பொங்கியது, பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டார்கள்.

சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும் நேரம் ராஜலட்சுமி சமையலறைக்குள் வந்தார். மேரிறோஸ் சிவந்த கையைத் தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்துக்கொண்டிருந்தார். ஜெயகௌரி துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இனிப் புதுசா வாறவங்களுக்கு நீ சொல்லிக்குடுக்க வேணாம்,” என்றார் ராஜலட்சுமி. “வேற ஆளப் போடப்போறன்.”

“போடுங்க.”

“கோவமா?”

“இல்லக்கா. ஆரப் போட்டாலும் நான் சொல்லிக்குடுத்த ஆளாத்தான் இரிக்கும்.”

ராஜலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மேரிறோஸ் அவரைத் தாண்டி, வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்த சாருஜாவைக் கூப்பிட்டார்.

“இஞ்ச பாரு மனே. நீ குரவை போடாம வாயப் பொத்திக்கொண்டு சிரிச்சத நான் பாத்தனான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியத் தாயையும் கூட்டிக்கொண்டு என்ட வீட்ட வா. சொல்லித்தாறன். இவங்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக்குடுத்தன்.”

“எத்தின மணிக்கு, பெரியம்மா?” என்றாள் சாருஜா.